ஒரு மணி நேரம் ஓடாத இன்ஜின்

மதிவதனிக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அவள் பார்க்கிற வேலைக்கு அது ஒரு வசதி. இன்ஜின் ஓடுகிற நேரமெல்லாம் இரண்டு காதிலும் தேங்காய்த் தொட்டி மாதிரி ஒரு மூடியை மாட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும். உள்ளே காது எப்படிச் சிவந்தாலும் முதலாளி திருமூர்த்திக்குத் தெரியாது. ஆயுத பூஜை முடிந்த அந்த வாரம் அவள் சோறு தின்னும்போதுதான் அந்த மூடியைக் கழற்றினாள் என்றால் அவள் பட்ட பாட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சூலூரைத் தாண்டிக் கலங்கல் போகிற வழியில், தறிக்கூடத்துக்கும் ஒரு கோழிப்பண்ணைக்கும் நடுவே இருக்கிறது திருமூர்த்தியின் பட்டறை. வெளியிலிருந்து பார்த்தால் வெறும் தகரக் கொட்டகை. உள்ளே சின்ன விமானங்களின் இன்ஜினைப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, திரும்பப் பூட்டி, ஓட்டிப் பார்த்து அனுப்புகிறார்கள். சின்ன விமானம் என்றால் நிஜமாகவே சின்னதுதான். இரண்டு பேர் உட்காரலாம். கூட ஒரு தூக்குப்போசி வைக்க இடம் இருக்காது. தலைக்கு மேலே ஏர்ஃபோர்ஸ் விமானம் வானத்தைக் கிழித்துக்கொண்டு போகிற ஊரில் இந்த இன்ஜினை யார் மதிப்பார்கள்? "ஏனம்மணி, இது மருந்தடிக்கிற மிசினா?" என்று எட்டிப் பார்த்துக் கேட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு.

மதிவதனியின் அப்பா ஐயாசாமி காங்கேயம் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பண்ணையத்துக்கு ஆளாக இருந்தவர். மகள் பாலிடெக்னிக் முடித்து, கோயமுத்தூரில் ஒரு பம்புக் கம்பெனியில் பம்புகளை ஓட்டிப் பார்க்கிற வேலையில் பல வருஷம் இருந்தாள். ஒரே மாதிரி பம்பு, ஒரே மாதிரி தண்ணீர், சலித்துப்போயிற்று. திருமூர்த்தி இந்தப் பட்டறையை ஆரம்பித்தபோது வந்து சேர்ந்தாள். அவர் அவளைப் பெங்களூருக்கு அனுப்பிப் படிக்கவைத்தார். இப்போது இன்ஜின் வெளியே போவதென்றால் அவள் கையெழுத்து வேண்டும். அவள் போடவில்லை என்றால் திருமூர்த்தியே தலைகீழாக நின்று ஆடினாலும் இன்ஜின் நகராது.

இவ்வளவு இருந்தும் ஊருக்குள் அவளுக்கு என்ன மரியாதை என்று கேட்டால், மிக்ஸி. கல்யாணத்துக்குப் போனாலும் சரி, எழவுக்குப் போனாலும் சரி, யாராவது ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஏரோப்ளேனே பாக்கறே, என்ற மிக்ஸி ஒண்ணு கெடக்குது, சித்தெ வந்து பாத்துட்டுப் போயேன்" என்பாள். தறி ஓட்டுகிற புருஷன் ரவிக்குமாரும் விடுவதில்லை. "உங்க பட்டறையில பழைய பெல்ட் இருந்தா எடுத்துட்டு வா, நம்ம வாஷிங் மெஷினுக்கு ஆகும்" என்பான். விமான இன்ஜினில் அந்த பெல்ட் கிடையாது என்று எத்தனை தடவை சொல்வது!

சரி, இன்ஜினுக்கு வருவோம்.

அது அப்துல் வஹீது என்பவருடையது. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்கு நடுவே ஒரு ஓடுதளத்தில் தன் விமானத்தை நிறுத்தி வைத்திருக்கிறவர். இன்ஜினைப் பிரித்து வேலை பார்க்கக் கொண்டுவந்தார். கூடவே, ஓரத்தில் கசிகிறது என்று விமானத்தின் பெட்ரோல் டேங்கையும் இறக்கிவிட்டுப் போனார். இன்ஜின் வேலையும் முடிந்தது, டேங்கின் கசிவையும் அடைத்தாயிற்று. அந்த டேங்கையே ஓட்டிப் பார்க்கிற மேடையில் மாட்டி, அதிலிருந்தே இன்ஜினுக்குப் பெட்ரோல் கொடுத்துவிட்டால் இரண்டையும் ஒரே ஓட்டத்தில் பார்த்துவிடலாம் என்பது மதிவதனியின் யோசனை. நல்ல யோசனைதான். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எல்லாவற்றையும் மாட்டி, ஓட்டத் தயாராக வைத்துவிட்டாள்.

ஒவ்வொரு வருஷமும் பட்டறைப் பூஜையில் சந்தனக் கிண்ணம் திருமூர்த்தியின் அம்மா சாமியாத்தாள் கையில்தான் இருக்கும். கெட்ட மனுஷி இல்லை. பொரியும் சுண்டலும் கை நிறைய அள்ளிப் போடுவார். சேலையும் எடுத்துக் கொடுப்பார். கிண்ணத்தை மட்டும் யார் கையிலும் கொடுக்க மாட்டார். மதிவதனி வாசல்படிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். தான் தினமும் தொட்டுத் துடைக்கிற மிஷினுக்கெல்லாம் இன்னொருத்தர் பொட்டு வைப்பதைப் பார்ப்பாள். இந்த வருஷம் சாமியாத்தாளுக்கு முட்டிவலி, திருப்பூரில் மகள் வீட்டிலேயே தங்கிவிட்டார். திருமூர்த்தி கிண்ணத்தோடு சித்தெ நேரம் முழித்தார். பிறகு அதை மதிவதனியிடம் நீட்டினார்.

"இந்தா அம்மணி, நீயே வெச்சுப்போடு. நீதானே தெனம் இதுகளோட மாரடிக்கறே."

அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து வாங்கினாள். லேத், டிரில்லிங் மிஷின், வரிசையாக ஸ்பேனர்கள், தீயணைக்கிற சிவப்பு சிலிண்டர், வஹீதின் இன்ஜின், அதோடு வந்த சாமான் என்று ஒன்றையும் விடவில்லை. சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, சற்றுத் தள்ளி நின்று பார்த்து, சரியில்லாததை அழித்துத் திரும்ப வைத்தாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய் ரவிக்குமாரிடம் இதைச் சொல்லும்போது அவள் காது சிவக்கவில்லை, முகம்தான் சிவந்தது.

மறுநாள் பனியன் வேஸ்ட் துணியால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு இன்ஜினை ஓட்டினாள். ஆரம்பித்தது பாருங்கள் கிரகம்.

அந்தப் பட்டறையில் ஒரு கணக்கு. இன்ஜின் முழு வேகத்தில் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடினால்தான் கையெழுத்து. கடைசி நிமிஷத்தில் தும்மினாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வஹீதின் இன்ஜின் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் அழகாக ஓடிற்று. பிறகு ஒரு இருமல், இரண்டு இருமல், நின்றுவிட்டது. இன்ஜின் நின்றால் முதல் வேலையாகப் பெட்ரோல் இருக்கிறதா என்று பார் என்பது மதிவதனி தனக்குத்தானே போட்டுக்கொண்ட விதி. டேங்க் மூடியைத் திருகித் திறந்து குச்சியை விட்டுப் பார்த்தாள். பாதிக்கு மேல் இருந்தது. மூடிவிட்டு பட்டனை அமுக்கினாள். ஒன்றுமே நடக்காதது போல இன்ஜின் பிடித்துக்கொண்டது. திரும்பப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம். திரும்ப இருமல்.

ஃபில்டரை மாற்றினாள். குச்சியை விட்டுப் பார்த்தாள், ஓட்டினாள், நின்றது. பெட்ரோல் பம்பை மாற்றினாள். நின்றது. கார்புரேட்டரைக் கழற்றி ஊதிக் கழுவி மாட்டினாள். நின்றது. பிளக்கையும் காயிலையும் மாற்றினாள். அந்த முறை கொஞ்சம் கூடுதலாக ஓடி, ஆசை காட்டிவிட்டு நின்றது. கெட்டுப்போன இன்ஜினைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நல்லா இருக்கிற மாதிரி நடிக்கிற இன்ஜினை என்ன செய்வது? அவளுக்கு அழுகை வரவில்லை. ஸ்பேனரை எடுத்து இன்ஜின் தலையில் ஒரு போடு போடலாமா என்றுதான் வந்தது.

இந்தப் பக்கம் திருமூர்த்தி. "அம்மணி, ஞாயித்துக்கெழமை அவுரு பறக்கோணும்ங்கறாரு. ஒரு மணி நேரமெல்லாம் எதுக்கு? மேல போயி ஒரு சுத்துச் சுத்தீட்டு எறங்கப்போறாரு. கையெழுத்தப் போட்டுவுடு."

"நின்னுச்சுன்னாலும் எறங்கத்தாங்க செய்வாரு. எப்படி எறங்குவாருங்கறதுதான் கேள்விங்க."

"என்ன பேச்சு பேசறே நீ!"

"காரணம் தெரியாமப் போட மாட்டனுங்க."

அந்தப் பக்கம் நாச்சியம்மாள். பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரி. இன்ஜின் சத்தம் கேட்டதும் வேலிக்கு வந்துவிடுவாள். "ஏம்மதி, உன்ற ஏரோப்ளேனை எங்காச்சும் கொண்டுபோயி ஓட்டக்கூடாதா? என்ற கோழியெல்லாம் பயந்து ஒரே மூலையில ஏறி, அடியில இருக்கறது நசுங்கிச் சாகுது!" காதில் மூடி இருப்பதால் மதிவதனிக்கு வாய் அசைவதுதான் தெரியும். அந்த வசவு முழுக்க அவளுக்கு மனப்பாடம், கேட்கத் தேவையில்லை.

வெள்ளிக்கிழமை திருமூர்த்தி ஒரு பூசணிக்காயோடு வந்தார். கண் பட்டுவிட்டதாம். பட்டறை வாசலில் சுற்றி உடைத்தார். அதன் சதையும் விதையும் மேடை வரைக்கும் தெறித்ததில் மதிவதனி அரை மணி நேரம் தரையைத் துடைக்க வேண்டியதாகிவிட்டது. இன்ஜின் பூசணிக்காய்க்கும் மசியவில்லை. அப்போதுதான் திருப்பூரிலிருந்து சாமியாத்தாளின் போன் வந்தது. திருமூர்த்தி கையெல்லாம் பூசணிச் சதை, ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

"ஏஞ்சாமி, மிசினு நின்னு நின்னு போகுதாமா? பூசையில ஏதோ கொறை வெச்சுட்டீங்க. கிண்ணத்தை எவ கையில குடுத்தே?"

திருமூர்த்தி மதிவதனியைப் பார்த்தார். "நாந்தாம்மா வெச்சேன்."

"நீயா? உனக்கு என்ன தெரியும்!"

போன் முடிந்ததும் அவர் கையைக் கழுவப் போய்விட்டார். அந்தப் பொய் அவளைக் காப்பாற்றவா, அவரைக் காப்பாற்றிக்கொள்ளவா? மதிவதனிக்கு விளங்கவில்லை. விளங்காததால்தான் அதிக எரிச்சல். கிண்ணம் தன் கைக்கு வந்ததால்தான் இன்ஜின் நின்றது என்று நாளைக்கு ஒரு பேச்சு வரும். அந்தப் பேச்சுக்கு அவளிடம் இருந்த பதில் ஒன்றே ஒன்று: இதுதான் கோளாறு என்று எடுத்துக் கையில் காட்ட வேண்டும். ரவிக்குமார் அன்று இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டான், அவள் காதில் விழவில்லை. இத்தனைக்கும் வீட்டில் காது மூடி கிடையாது.

சனிக்கிழமை காலையில் வஹீதே வந்துவிட்டார். மகள் இல்மாவும் வந்தாள், கல்லூரியில் படிக்கிறவள். மேடையைச் சுற்றி வந்து எல்லாவற்றையும் போட்டோ எடுத்தாள்.

"அக்கா, நாளைக்கு வாப்பாகூட மொத மொதல்ல நான்தான் போறேன். பயமா இருக்குமாக்கா?"

அதுவரைக்கும் மதிவதனிக்கு அது இன்ஜின். இப்போது அதற்குப் பின்னால் துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னும் ஓட்டம் முடியலைங்க" என்றாள் வஹீதிடம்.

"திருமூர்த்தி சொன்னார்மா. எல்லாம் புதுசா மாத்தீட்டீங்கள்ல? மேலே நின்னாலும் மிதந்து வந்து எறக்கிருவேன். எனக்குப் பழக்கம்தான். ஒரு கையெழுத்துதானே."

"பாருங்க, அவுரே சொல்றாரு!" என்றார் திருமூர்த்தி.

"உங்களுக்கு எறக்கத் தெரியுங்க. ஏன் நிக்குதுன்னு எனக்குத் தெரியலையே" என்று சொல்லிவிட்டு, மதிவதனி காது மூடியை மாட்டிக்கொண்டு பட்டனை அமுக்கினாள்.

எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்க, இன்ஜின் ஓடிற்று. நல்ல பிள்ளையாக ஓடிற்று. வஹீது தலையை ஆட்டிக்கூட விட்டார். பத்து நிமிஷம் தாண்டியதும் இருமிற்று. இருமி நின்றது. நின்ற அதே நேரத்தில் கம்பிவேலிக் கதவைத் தள்ளிக்கொண்டு நாச்சியம்மாள் உள்ளேயே வந்துவிட்டாள், ஒரு செத்த கோழியைக் காலைப் பிடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு.

மதிவதனிக்கு அடக்கிவைத்ததெல்லாம் பொங்கிவிட்டது. காது மூடியைக் கழற்றி மேஜையில் வீசிவிட்டு எதிரே போனாள்.

"இப்ப என்னங்க வேணும் உங்களுக்கு?"

"இதுக்குப் பதில் சொல்லு! ஒரு வாரமா என்ற கோழிக உசுரை வாங்கறயே!"

"ஒரு வாரமா என்ற உசுரை இது வாங்குதுங்க, நான் யாருகிட்டக் கோழியத் தூக்கிட்டுப் போயிக் காட்டறது?"

"நிறுத்திப்போட்டுப் போ!"

"அதுவே நின்னு போச்சுங்க! அது நிக்கக்கூடாதுன்னுதாங்க நான் சாகறேன்!"

இல்மா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். மதிவதனி மூச்சு வாங்கத் திரும்பி வந்து, வந்த கோபத்திலேயே பட்டனை அமுக்கினாள். இன்ஜின் சுற்றிற்று, பிடிக்கவில்லை. திரும்ப அமுக்கினாள். பிடிக்கவில்லை. இது புதுசு. இத்தனை நாளில் நின்றது நின்றதுதான், ஆனால் திரும்பப் பிடிக்காமல் இருந்ததே இல்லை. பட்டனிலிருந்து கையை எடுத்தாள். இப்போது எதைச் செய்யாமல் விட்டேன்?

குச்சி. சண்டையில் குச்சி விட்டுப் பார்க்க மறந்துவிட்டாள்.

மேடைமேல் ஏறி டேங்க் மூடியைப் பிடித்தாள். வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தது. அரைத் திருகு திருகியதுமே உள்ளே காற்றை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, 'ஸ்ஸ்ஸ்' என்று நீளமாக. உள்வாங்கியிருந்த டேங்கின் பக்கத் தகடு 'டொக்'கென்று வெளியே வந்தது.

"என்னம்மணி, சோடா ஒடைக்கறயா?" என்றாள் நாச்சியம்மாள்.

நாச்சியம்மாளுக்கே கேட்ட சத்தம். அத்தனை நாளும் அது கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது, மதிவதனியின் காதில்தான் மூடி. பெட்ரோல் கீழே இறங்க இறங்க டேங்குக்குள் மேலிருந்து காற்று வர வேண்டும். அதற்காகவே மூடியின் நடுவில் ஊசி நுழைகிற அளவு ஒரு துளை இருக்கும். அது அடைபட்டால் டேங்குக்கு மூச்சு முட்டும், பெட்ரோல் இறங்காது. ஒவ்வொரு முறையும் இவள் மூடியைத் திறந்து காற்றை உள்ளே விட்டு, மூடிவிட்டு, "பெட்ரோல் இருக்கிறது, பெட்ரோல் இல்லாததால் நிற்கவில்லை" என்று ஓட்டப் பதிவேட்டில் எழுதிவைத்திருக்கிறாள். அவளுடைய விதியே அவள் கண்ணைக் கட்டிவிட்டது.

மூடியை வெளிச்சத்தில் பிடித்தாள். துளை இருந்த இடம் சமமாக இருந்தது. மெல்லிய கம்பியை விட்டு நெம்பினாள். உலர்ந்துபோன ஒரு துணுக்கு உள்ளங்கையில் விழுந்தது. மஞ்சளாக இருந்தது, நுனியில் கொஞ்சம் சிவப்பு. முகர்ந்து பார்க்கத் தேவையே இல்லை, ஆனாலும் முகர்ந்து பார்த்தாள்.

நடு நெற்றியில் வைப்பது போல மூடியின் நட்ட நடுவில் அவள் விரல் வைத்த பொட்டு. வெளியே இருந்ததைப் பனியன் வேஸ்ட் துடைத்துவிட்டது. உள்ளே போனது இறுகிவிட்டது.

திருமூர்த்தி பக்கத்தில் வந்து அவள் கையைப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்தி, "தூசின்னு சொல்லிரு அம்மணி. முடிஞ்சுபோச்சு" என்றார்.

தூசி என்றால் யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. கலங்கல் ரோட்டில் தூசிக்கா பஞ்சம்! சாமியாத்தாள் சொன்னது சரியாகப் போய்விட்டதே என்பதுதான் மதிவதனிக்குத் தாங்கவில்லை. கிண்ணம் இவள் கைக்குப் போயிற்று, இன்ஜின் நின்றது. இதைவிட அந்த அம்மாவுக்கு வேறென்ன வேண்டும்! காது இரண்டும் எரிந்தன. காது மூடி மேஜையில் கிடந்தது. எதிரே இல்மா போனைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதிவதனி உள்ளங்கையை வஹீதின் முன்னே நீட்டினாள்.

"சந்தனமுங்க. ஆயுத பூஜைக்கு நான் வெச்ச பொட்டு. காத்து போற ஓட்டையில வெச்சுப்போட்டேன். இன்ஜின் மேல ஒரு குத்தமும் இல்லீங்க. குத்தம் என்ற மேலதான்."

வஹீது சிரிப்பார் என்று திருமூர்த்தி நினைத்தார். அவர் சிரிக்கவில்லை. மூடியை வாங்கி, துளை வழியாக வெளிச்சத்தைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். "இந்த மூடியோடதானே நாளைக்கு..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒரு மணி நேரம் ஓட்டுங்கம்மா. நான் இருக்கேன்."

"இன்னொரு மணி நேரமா!" என்று அலறினாள் நாச்சியம்மாள். "ஏம்மதி, ஒரு பொட்டு வெச்சா இது நிக்கும்னா அதைத் தெனம் வெச்சாத்தான் என்ன? என்ற கோழியாச்சும் பொழைக்குமல்லோ!"

சத்தம் குறைய, கோழிப்பண்ணையின் இந்தப் பக்கத்துச் சாக்குப்படுதா எல்லாவற்றையும் இறக்கிவிட்டு வரும்வரைக்கும் பட்டனைத் தொட மாட்டேன் என்று அவளிடம் சொல்லி, தானும் கூடப் போய் இறக்கிவிட்டு வந்தாள் மதிவதனி. அதற்குப் பிறகுதான் ஓட்டினாள். பத்து நிமிஷம் தாண்டிற்று. அரை மணி தாண்டிற்று. ஒரு மணி நேரம் முடிந்து அவளே நிறுத்தியபோதுதான் இன்ஜின் நின்றது. காது மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, பதிவேட்டில் காரணம் என்ற இடத்தில் 'சந்தனம்' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள்.

வஹீது இன்ஜினையும் டேங்கையும் வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது திருப்பூர் போன் வந்தது. திருமூர்த்தி எடுக்கவா வேண்டாமா என்று நின்றார்.

"ஸ்பீக்கர்ல போடுங்க" என்றாள் மதிவதனி. போட்டார். "நான் மதிவதனி பேசறனுங்கம்மா. கிண்ணத்தை என்ற கையிலதாங்க குடுத்தாங்க. பொட்டுனாலதாங்க இன்ஜின் நின்னுச்சு. ஆனா பொட்டு வெச்ச கையினால இல்லீங்க, வெச்ச எடத்துனால. டேங்க் மூடி நடுவுல ஒரு ஓட்டை இருக்குங்க. அதுல அடச்சுக்கிச்சு."

திருமூர்த்தி போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"நடுவுல வெச்சயா?"

"ஆமாங்கம்மா."

"பொட்டுன்னா நடுவுலதான் வெப்பாங்க. பின்ன ஓரத்துலயா வெப்பாங்க? அந்த மூடி நடுவுல ஓட்டை போட்டவன் எவன்? அவனுக்கு ஒரு அறிவு வேண்டாம்?"

"அம்மா, அது காத்து போறதுக்குங்க..."

"காத்து ஓரத்துல போனா ஆகாதா? நீ ஒண்ணும் ரோசனை பண்ணாதே புள்ள. அடுத்த வருசம் எனக்கு முட்டி சரியாப் போயிரும். எங்கெங்க ஓட்டை இருக்குதுன்னு நீ காட்டிக்கிட்டே வா, நான் பாத்து வெக்கறேன். திருமூர்த்தி, அவளுக்குப் பொரி குடுத்தியா?"

மதிவதனியின் காது இரண்டும் சிவந்தன. இன்ஜின் வண்டியில் ஏறிவிட்டது, பட்டறையில் ஒரு சத்தமும் இல்லை. மேஜைமேல் கிடந்த காது மூடியை எடுத்து இரண்டு பக்கமும் அழுத்தி மாட்டிக்கொண்டு, தரையைக் கூட்ட ஆரம்பித்தாள்.